பாத்தி கட்டிய கம்ப்யூட்டர்

மவுஸை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு திரிந்த மனிதனை உலகத்திலேயே நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன். திருச்செங்கோட்டில் எங்கள் போர்வெல் ஆபீசில், வெளிமாநிலம் போன ரிக் லாரிகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிப்பது அவன் வேலை. பக்கத்து மேசையில் நான் கணக்கு.

அவனுக்கு எல்லாமே கீபோர்டுதான். அவன் திரையில் ஒரு விண்டோ இன்னொன்றை மறைக்காது. புதிதாக எதைத் திறந்தாலும் மற்றதெல்லாம் ஒதுங்கி இடம் விடும். வெள்ளாமைக் காட்டில் பாத்தி கட்டிய மாதிரி இருந்ததால் அவன் பெயரே பாத்தி ஆகிவிட்டது.

"ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அடியில கெடக்கறது தெரியாதுங்க்கா" என்பான்.

அன்று மத்தியானம் என் தம்பி வடக்கே ஒரு மலைப்பாதையில் ரிக் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பாத்தி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து முதலாளி கிரிக்கெட் பார்க்க அவன் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸ் இல்லை. கண்ட பட்டனையும் அமுக்கினார். விண்டோவை ஒட்டி விண்டோ திறந்தது, ஒன்றில் கிரிக்கெட்டும் வந்தது. மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறிகூட இல்லை.

"ஏம்மா, இதென்ன குட்டி போட்டுக்கிட்டே போகுது!"

பாத்தி வந்தான். கத்தப்போகிறான் என்று பார்த்தால், மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தான். சுருங்கிப்போன ஒரு கட்டத்தில் தம்பி லாரியின் புள்ளி. ஒட்டினாற்போல் மழைப் படம், முழுக்கச் சிவப்பு.

"அக்கா, முன்னால தரைப்பாலம் இருக்குதுங்க! தம்பிக்குப் போன் போடுங்க!"

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். புள்ளி பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

"சாமி, நில்லு சாமி, நில்லு" என்று முதலாளி புள்ளியிடம் கெஞ்சினார். இன்னொரு கட்டத்தில் யாரோ சிக்சர் அடித்தார்கள், பாழாய்ப் போனவர்கள்.

"என்னக்கா?" ஒருவழியாகத் தம்பி எடுத்தான்.

"நிறுத்துடா லாரிய!"

புள்ளி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் தம்பி சொன்னான்: "பாலத்தையே காணோம்க்கா. வெறும் தண்ணி."

நான் மேசையில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதேன். பாத்தி அப்போதுதான் நிமிர்ந்தான். "யாருங்க என் பாத்திய மிதிச்சது?" முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

தம்பி ஊர் திரும்பிய பிறகும் பாத்தி அவன் லாரியின் கட்டத்தை மூடவில்லை.

"லாரி நம்ம வாசல்லதானே நிக்குது?"

"இருக்கட்டுங்க்கா. கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும்."

இப்போது பாத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறான். என் திரையின் ஓரத்தில் அவனோடு பேசுகிற விண்டோ எப்போதும் திறந்திருக்கிறது. அதன் மேல் எதையும் ஏற விடமாட்டேன்.