நாலாம் இலக்கத்துக்கு ஒரு பெயர்

"அணியில முதல் மூணு பேர்ல எனக்குச் சந்தேகமே இல்ல. அஞ்சும் ஆறும்கூட சரிதான். நாலாவது இடம்தான் இடிக்குது" என்றாள் குசுமாவதி, தேங்காய் துருவிக்கொண்டே.

அவள் கணவர் லீலாரத்ன செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றார். ஒன்பது மணி அரட்டைக்கு அவர் சலூனில் இருக்க வேண்டும்.

"அப்போ நாலாவது யாரு? அங்க கேப்பாங்களே."

"நாளைக்குச் சொல்றேன். குடைய எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது துருவிய தேங்காய் கிண்ணத்தில் மூடி வைக்கப்பட்டிருந்தது. குசுமாவதி பின்பக்கத்தில் துணிக்கொடியின் கீழே விழுந்து கிடந்தாள். இதயம் என்றார் வைத்தியர்.

துக்கம் காத்த ஏழு நாளும் சலூனில் கூடும் நண்பர்கள்தான் எல்லாம் செய்தார்கள். ஓட்டோ ஓட்டும் சுகத் சந்தி வரைக்கும் துக்கத்துக்கான வெள்ளைக்கொடி கட்டினான். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் விக்ரமபால மாஸ்டர் மரண அறிவித்தலை எழுதி, எழுத்துப்பிழை வராமல் அச்சகத்தில் கூடவே நின்றார். முடிதிருத்தும் ஜினதாச கடையை மூடிவிட்டு, தன் மனைவி சுதர்மாவோடு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் வீடு வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

ரயில்வே பார்சல் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றபோது லீலாரத்னவுக்கு மாத்தறையில் ஒரு நண்பர்கூட இல்லை. இரண்டு மாதம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தூரத்தில் போகும் ரயில்களின் தாமதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒருநாள் காலையில் குசுமாவதி திடீரென்று, "ஆரம்ப ஜோடியில ரெண்டு பேரும் இடக்கையா இருந்தா எப்படிங்க?" என்று கேட்டாள்.

அவர் அசந்துபோனார். இத்தனை வருடமும் இவள் இந்த ஆசையை உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தாளா! தேசிய கிரிக்கெட் அணியின் ஒருநாள் துடுப்பாட்ட வரிசை பற்றி அவளுக்கு இவ்வளவு கருத்து இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஓர் இடம் இல்லை. அணியைத் தேர்ந்தெடுக்கும் வாதமெல்லாம் நடப்பது ஜினதாசவின் சலூனில். அங்கே பெண்கள் போய் உட்கார முடியாது.

ஆகவே அவர் போனார். அவளுடைய கருத்தைத் தன் கருத்தாகச் சொன்னார். ஜினதாச கத்தரியை உயர்த்தி, "என் வாயில இருந்த வார்த்தை அண்ணே!" என்றார். அன்றிலிருந்து பதினொரு வருடம். லீலாரத்ன சொன்னால் அந்தச் சலூனில் மறுபேச்சில்லை. ஒவ்வொரு நாளும், இது என் மனைவி சொன்னது என்று சொல்லிவிட நினைப்பார். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் பிந்திப்போயிருக்கும்.

எட்டாம் நாள் சலூனுக்குப் போனார். வருத்தத்தை மாற்ற வேண்டும் என்று மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"லீலே அண்ணே" என்று சுகத் தொடங்கினான். "அடுத்த வாரம் அணிய அறிவிக்கிறாங்க. நாலாவது யாருன்னு நீங்க இன்னும் சொல்லல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். அது யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாது என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. வாயில் வந்த பெயரைச் சொன்னார்.

"ரந்துல்."

ஜினதாசவின் சவரக்கத்தி ஒருவரின் கன்னத்தில் அப்படியே நின்றது.

"ரந்துலா?" மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் பந்து வீசுறவன். பதினோராவதா வர்றவன். போன வருஷம் முழுக்கச் சேத்து அவன் எடுத்தது பதினாலு ஓட்டம்."

லீலாரத்னவுக்கு வியர்த்தது. "எதிரணியும் அப்படித்தானே நெனைக்கும்" என்றார்.

பிறகு மாஸ்டர் மெல்ல எழுந்தார். "அடடா! என்ன யோசனை!"

"அண்ணன் துக்கத்துல இருக்கார்" என்றான் சுகத். "மூளை துக்கத்துல இல்ல."

மாலைக்குள் செய்தி மீன் சந்தை வரை போய்விட்டது. சுகத் தன் ஓட்டோவின் பின்னால் "நாலாவது ரந்துல்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டினான். மாஸ்டர் இரண்டு இரவு உட்கார்ந்து, கடந்த நாற்பது ஆட்டங்களை வைத்து ரந்துல்தான் சரி என்று வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் லீலாரத்னவின் கையைப் பிடித்து, "நீங்கதானா அந்த ரந்துல் ஆள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குசுமாவதியின் படத்தின் முன்னால் நின்றார். பதினொரு வருடம் ஒரு பிழையான பெயர் சொல்லாதவள். அவளுடைய கடைசிக் கருத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டாரே! சரியான பெயரைத் தேடி அவளுடைய அலுமாரியைக் கிளறினார். தையல் நூல், மருந்துச் சீட்டு, மடித்து வைத்த பொலித்தீன் பைகள். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் சலூனில், "ரந்துல்னு சும்மா சொன்னேன். உங்களச் சோதிச்சுப் பாத்தேன்" என்றார்.

மாஸ்டரின் கையில் வரைபடம் இருந்தது. "சோதிச்சியா?"

"உண்மையில நாலாவது..." லீலாரத்னவின் கண் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியில் விழுந்தது. அதில் ஒருவர் மட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "சமித்த."

"சமித்த ஓய்வு எடுத்து ரெண்டு வருஷம் மச்சான்!" மாஸ்டரின் குரல் உடைந்தது. "இப்போ டிவியில மெத்தை விளம்பரத்துல படுத்துக் கிடக்கிறான்! நாப்பது ஆட்டம், லீலே! ரெண்டு ராத்திரி என் பொண்டாட்டி விளக்க அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டா!"

"மாஸ்டர், அண்ணன் சமித்தன்னா சமித்ததான்" என்று ஜினதாச சமாதானம் செய்தார்.

"அப்போ என் ஓட்டோவுல ஒட்டினது?" என்று சுகத் எகிறினான். "நான் பிய்க்க மாட்டேன். ரந்துல்தான்."

"படிச்சவன் போட்ட கணக்கயும் ஓட்டோவுல ஒட்டின காகிதத்தயும் ஒண்ணா வைக்காத."

"கணக்கு போட்டதே நான் ஒட்டினதப் பாத்துட்டுத்தானே!"

நாற்காலியில் இருந்த ஆள் ஒரு பக்க மீசையோடு எழுந்து போய்விட்டார். மாஸ்டரும் போய்விட்டார். அடுத்த நாள் அவர் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள சலூனில் சவரம் செய்துகொண்டதாகத் தகவல் வந்தது. சுகத் பயணிகளைச் சந்தியில் இறக்கிவிட்டு, சலூனில் நிற்காமல் போனான். அணியும் அறிவிக்கப்பட்டது. நாலாம் இடத்தில் தேர்வாளர்கள் யாரையோ போட்டார்கள். அவன் இரண்டு ஆட்டத்தில் மூன்று ஓட்டம் எடுத்தான். அதைத் திட்டக்கூட சலூனில் ஆளில்லை. ஜினதாச தனியாக உட்கார்ந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய வார்த்தையும் போய்விட்டது, அவளுக்காக ஊரெல்லாம் கொடி கட்டியவர்களும் போய்விட்டார்கள் என்று லீலாரத்னவுக்குத் தோன்றியது. ஒரே வழிதான் இருந்தது. அவள் இறந்து மூன்றாம் மாதம் பிக்குகளுக்கு உணவளிக்கும் தானத்துக்கு மூவரையும் நேரில் போய் அழைத்தார்.

வந்தார்கள். மாஸ்டர் ஒரு மூலையிலும் சுகத் மறு மூலையிலும் உட்கார்ந்தார்கள். பிக்குகள் பலாப்பிஞ்சுக் கறியும் முந்திரிக் கறியும், கடைசியில் தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிட்டு முடித்தார்கள். குசுமாவதிக்குப் புண்ணியம் சேர்க்க, கூஜாவிலிருந்து கோப்பையில் நீர் வார்க்கும் நேரம் வந்தது. நீர் வார்க்கும்போது, இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி பெரிய பிக்கு கேட்டார்.

லீலாரத்ன கூஜாவைச் சாய்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

"பதினொரு வருஷம் சலூன்ல நான் சொன்ன எதுவும் என்னோடதில்ல சாமி. எல்லாம் குசுமா சொன்னது. எனக்குக் கிரிக்கெட் தெரியாது. அவளால அங்க போக முடியாது, அதனால நான் எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தப் பேரெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனதாலதான் எனக்கு இவங்க கிடைச்சாங்க. நாலாவது யாருன்னு அவ நாளைக்குச் சொல்றேன்னா. எனக்குத் தெரியாது. பொய் சொன்னேன். மாஸ்டர், மன்னிச்சுக்குங்க. சுகத், நீயும்."

கோப்பை எப்போதோ நிரம்பி, தட்டு நிரம்பி, நீர் பாயில் ஓடி மாஸ்டரின் முழங்காலை நனைத்திருந்தது. மாஸ்டர் நகரவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"அப்போ" பெரிய பிக்கு விசிறியோடு முன்னால் சாய்ந்தார். "நாலாவது ஆள் யாருன்னு அந்த அம்மா கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

சமையலறை வாசலில் தயிர்ச்சட்டியோடு நின்ற ஜினதாசவின் மனைவி சுதர்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா?" என்றார் ஜினதாச.

"இவர் ராத்திரி சோறு தின்னும்போது அணியப் பத்திப் பொலம்புவாரு சாமி. காலைல அக்கா வேலிக்கிட்ட வந்து, நேத்து என்ன சொன்னாருன்னு கேப்பாங்க. நான் சொல்வேன்."

ஜினதாசவுக்கு வாய் மூடவில்லை. "அப்போ பதினொரு வருஷம் நான் ஆமான்னு தலையாட்டினது..."

"உங்களுக்கேதான்."

முதலில் சிரித்தது சுகத். மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடித்த கையை எடுக்கவில்லை.

லீலாரத்ன மட்டும் கூஜாவைப் பிடித்தபடி நின்றார். "தங்கச்சி, அப்போ அந்த நாலாவது பேரையும் நீதான் குடுத்தியா? அன்னைக்கு அவகிட்ட யாரச் சொன்ன?"

"நான் தினமும் ஒரு பேர் சொல்வேண்ணே, அக்கா வேணாம்னுடுவாங்க" என்றாள் சுதர்மா. "அவங்களுக்கு ஒரு ஓவருக்கு எத்தன பந்துன்னுகூடத் தெரியாது. ‘நாலாவத மட்டும் காலியா வையி சுதர்மா, அதுவும் முடிவாயிட்டா மனுஷன் மறுநாள் வீட்ட விட்டு வெளிய போகமாட்டாரு’ன்னு சொல்வாங்க."