பன்னிரண்டு தாளுக்கு ஒரு டாலர் டிராஃப்ட்

வெளிநாட்டிலிருந்து வரும் உறையை நாலு பேர் முன்னால் பிரிக்கவே கூடாது. தனியாக அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது எதிரே ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடை நம் ஊர்ச் செம்புறாங்கல்லைக் கொண்டு வடிகட்டுவதுதான் என் ஆராய்ச்சி. தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சவரிமுத்து மாமாவின் வீட்டுப் பற்கள் தேர்ந்தெடுத்தன. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமாவுக்கு விவசாயம். அவருடைய மூத்த பெண்ணுக்கு ஃபுளோரைடு தண்ணீரால் பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. சின்னவள் ஸ்டெல்லாவுக்கு அப்போது இன்னும் பால்பல் விழவில்லை. அடுத்து முளைப்பதாவது வெள்ளையாக முளைக்க வேண்டும் என்று அத்தை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நான் மாதாவுக்குப் போட்டியாகக் கல் உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கப் பட்டியல் ஒன்றைப் புரட்டியபோது தூக்கிவாரிப் போட்டது. எவரோ ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி செம்புறாங்கல்லில் ஃபுளோரைடை வடிகட்டி, கட்டுரையும் போட்டுவிட்டார். பட்டியலில் இருந்தது மூன்றே வரி. "வறண்ட வெப்பமண்டலப் பகுதி ஒன்றின் நிலத்தடி நீர்" என்று போட்டிருந்தது. ஆப்பிரிக்கா என்று முடிவுகட்டினேன். அந்தப் பாவப்பட்ட ஜனங்களை நினைத்துக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டதும் உண்டு (மனசு அப்படி).

முழுக் கட்டுரை எங்கே? ரூபாயின் மதிப்பு இறங்கியதும் அந்தப் பத்திரிகையை எங்கள் நூலகம் நிறுத்தியிருந்தது. அலமாரித் தட்டில் அதன் பெயர்ச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. நூலகர் சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பவர் போல என் தோளைத் தட்டினார். கட்டுரையின் பிரதி கேட்டு ஆசிரியருக்கு அஞ்சலட்டை எழுதுவது அப்போது எங்கள் வழக்கம். எழுதினேன். அவர் இடம் மாறிவிட்டார் என்று அட்டை திரும்பி வந்தது. பதிப்பகத்துக்கு எழுதினேன். டாலரில் விலை சொன்னார்கள். என் உதவித்தொகையோடு அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்தால்தான் கட்டும்.

டிராஃப்ட் எடுக்க வங்கிக்குப் போனால், அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பணத்தை வாங்கத்தான் இந்த ஊரில் வங்கிக்கு வருவார்கள், கட்ட வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். எதற்கு என்று கேட்டார். பன்னிரண்டு தாளுக்கு என்றேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

உறை வந்து சேர்ந்த வாரம்தான் மாமாவின் ஊரில் என் வடிகட்டியைக் காட்டுவதாக ஏற்பாடு. ஞாயிறு பூசை முடிந்து ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தது. என் பேராசிரியரும் ஜீப்பில் வந்திருந்தார். நான் உறையைப் பிரிக்காமல் கொண்டுபோயிருந்தேன். வெளிநாட்டுத் தபால்தலையை எல்லோரும் பார்க்க வேண்டுமாம், கத்தரிக்கோலால் எல்லோர் முன்னாலும் வெட்ட வேண்டுமாம். (கிறுக்குப் பய.)

வெட்டினேன். படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். ஆய்வு நடந்த இடம் இந்தியா என்று வந்தது. பரவாயில்லை, பெரிய நாடுதானே. அப்புறம் தமிழ்நாடு. அப்புறம் திருப்பத்தூர். என் குரல் இறங்கத் தொடங்கியது. "மாதா கோயிலை ஒட்டிய அடிபம்பு" என்று படித்தபோது கூட்டம் மொத்தமும் ஜன்னல் வழியாக அடிபம்பைத் திரும்பிப் பார்த்தது. ஃபுளோரைடு அட்டவணையில் இருந்ததிலேயே பெரிய எண் அதற்குத்தான். கல்லையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பம்பு பம்பாக அளந்து பார்க்கத் தோன்றியதே இல்லை. நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகக் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது: திரு. சவரிமுத்து செய்த உதவிக்கும் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நன்றி.

மாமா எழுந்து நின்று கைகூப்பினார். பேராசிரியர் மோட்டுவளையைப் பார்த்தார்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லாம இருந்தீக?"

"நீ கேக்கலயே மாப்ள. அவரு பாட்டில்ல தண்ணி பிடிச்சாரு, நீயும் பாட்டில்ல பிடிச்ச. படிச்சவுகன்னா இப்படித்தான் பிடிப்பாக போலன்னு இருந்துட்டேன். முடிவு வந்தா அனுப்புறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் எந்த வயதிலிருந்து குடிக்கக் கூடாதென்று போட்டிருக்கிறது என்று கேட்டார். பால்பல் விழுவதற்கு வெகு முன்பிருந்தே, பிறந்ததிலிருந்தே என்றேன். வெள்ளைக்காரர் வந்தபோது ஸ்டெல்லா தொட்டிலில் கிடந்தாள். கட்டுரை அச்சானபோது நடக்கத் தொடங்கியிருந்தாள். இப்போது புதுப்பற்கள் முளைத்துவிட்டன, பழுப்புக் கோடுகளோடு.

"இம்புட்டு நாளா இது எங்குட்டு இருந்துச்சு மாப்ள?"

"காசு கட்டுனாத்தான் தொறப்பாங்க மாமா, அந்த மாதிரி எடத்துல."

அவர் உட்கார்ந்துவிட்டார். அத்தை எழுந்து வெளியே போனார். நான் கொண்டுவந்த மண்பானை வடிகட்டி மேசை மேல் இருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே திருப்பத்தூர் போய்ப் பன்னிரண்டு தாளையும் ஜெராக்ஸ் எடுத்தேன். அனுமதியின்றிப் பிரதி எடுப்பது குற்றம் என்று முதல் தாளின் அடியிலேயே போட்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடுத்தேன். தமிழில் எழுதி ஊர் ஊராகக் கோயில் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டினேன். அடிபம்பைப் பூட்டினார்கள். பிறகு அந்த விஞ்ஞானியைத் தேடிப் பிடித்துக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். பத்திரிகையில் வந்தால் உங்கள் ஊர் நூலகத்துக்குத் தானாக வந்துவிடும் என்றுதான் நினைத்தேன் என்று பதில் போட்டார். நல்ல மனிதர்தான். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

வேறு தலைப்பில் இழுத்துப் பறித்து ஒருவழியாக டாக்டர் ஆனேன். வீட்டில் மரியாதை இல்லை. நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், "இரு, மாமாவக் கேட்டுக்குவோம், அவுக பேருதான் மொதல்ல வெளிநாட்டு அச்சுல வந்துச்சு" என்பார்கள். பெயர் வந்த அந்தப் பக்கத்தை மாமா சட்டம் போட்டு மாட்டவில்லை. ஒருமுறை கொடுத்தேன், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டெல்லா இப்போது தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. இந்தக் கதையை அவளைப் போல யாராலும் சொல்ல முடியாது. நான் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டியதை, தமிழ்நாடு, திருப்பத்தூர் என்று வர வர என் குரல் ஒடுங்கியதை அப்படியே நடித்துக் காட்டுவாள். கல்யாண வீடானாலும் சரி, கிறிஸ்துமஸ் ஆனாலும் சரி, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும்தான். அவளும் எங்களோடு சேர்ந்து நன்றாகச் சிரிப்பாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.