பூ வைத்துவிட்டுப் போனார்கள்

அன்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான். என் மனைவி சாந்தி. அவள் தம்பி ஏழுமலை, கையில் போண்டாவோடு. என் மகள் சுகன்யா, புதுப்புடவையில், தலையைக் குனிந்துகொண்டு. எதிரே, ஆவடியிலிருந்து வந்த மாப்பிள்ளைப் பையன். அவன் அப்பா. அவன் அம்மா விஜயா. அந்த அம்மாவின் மடியில் ஒரு பூந்தொட்டி.

தொட்டியை ஏன் ஆளோடு ஆளாகச் சேர்க்கிறேன் என்றால், வந்தவர்களில் அதற்குத்தான் பிறகு நான் அதிகம் பயந்தேன்.

பெண்ணுக்குப் பூ வைக்க வந்திருந்தார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. விஜயா அம்மா சுகன்யாவின் தலையில் மல்லிச்சரத்தை வைத்தார். பிறகு தொட்டியை என் கையில் கொடுத்தார். நீளமாக ஒற்றைக் காம்பு. அதில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒன்பது வெள்ளைப் பூ.

“ஆர்க்கிட் அண்ணே. எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல நானே வளர்த்தது. தலையில வச்சது நாளைக்கே வாடிரும். இது மூணு மாசம் நிக்கும். கல்யாணத்தன்னைக்கும் இதே பூ இருக்கும், பாருங்க.”

“எப்படி வளக்கறதும்மா?”

“ஒண்ணும் பண்ண வேணாம். ஜன்னல் ஓரமா வைங்க. வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் தண்ணி. ரொம்ப ஈஸி. சும்மா வச்சிருந்தா போதும்.”

நான் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். எட்டாவதோடு சரி. சும்மா இருப்பது மட்டும் எனக்குத் தெரியாத வேலை.

அவர்கள் போனதும் சாந்தி மெதுவாகச் சொன்னாள். “வச்ச பூவு. கல்யாணத்துக்கு முன்ன கொட்டிச்சுன்னா அந்தம்மா இன்னான்னு நெனைக்கும்? சகுனம் சரியில்லன்னு சொல்லிட்டா?”

அதோடு என் நிம்மதி போயிற்று. வேலைக்குப் போகும் முன் பூவை எண்ணுவேன். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் எண்ணுவேன். காற்றில் விழுந்துவிடுமோ என்று ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டேன். (மே மாதம். யாரும் என்னோடு பேசவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“இன்னா மாமா இது? மண்ணே இல்ல. வெறும் மரப்பட்டதான் கீது.”

பார்த்தேன். உண்மைதான். பட்டைத் துண்டுகள். நடுநடுவே கரி.

“சோறு போடாத ஊட்ல எத்தினி நாளு மாமா நிக்கும்? அந்தம்மாவுக்குத் தெரியல பாவம்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கொடுத்ததைவிடச் செழிப்பாகக் காட்டினால் நம் வீட்டைப் பற்றி நல்லபடியாக நினைப்பார்களே என்று வேறு தோன்றியது. எங்கள் சென்னீர்குப்பம் வீட்டுக்குப் பின்னால் காலிமனை. அங்கிருந்து மண் எடுத்தேன். பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் சாணி. பட்டையைக் கொட்டிவிட்டு இரண்டையும் கலந்து நட்டேன். வெளியே தொங்கிக்கொண்டிருந்த வேர்களை ஒழுங்காக உள்ளே மடித்துவிட்டேன். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். காலையில் ஒரு மக்கு, மாலையில் ஒரு மக்கு தண்ணீர்.

சுகன்யா போனைப் பார்த்தபடி மாடிக்கு வந்தாள்.

“அப்பா, இதுக்கு மண்ணே ஆவாதாம். வேரு அழுகிடுமாம்.”

“மண்ணு ஆவாத செடி உலகத்துல உண்டா?”

“இதுல போட்டுகிறாங்கப்பா.”

“போனு ஆயிரம் சொல்லும்.”

நான் பேசுவதே குறைவு. பேசிய அந்த இரண்டும் தப்பு.

இலை மஞ்சளாயிற்று. பிறகு தொளதொளத்தது. அடிப்பூ முதலில் விழுந்தது. அப்புறம் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சீக்கிரமே காம்பு மட்டும் நின்றது, டிவி ஆன்டெனா மாதிரி.

அந்த நேரம் பார்த்து விஜயா அம்மாவிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, வெள்ளிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கப் போறோம்ல? அப்படியே வீட்டுக்கு வந்து எல்லாரும் சேர்ந்து போவோம். பூவையும் பார்த்த மாதிரி இருக்கும்.”

“சரிம்மா” என்றேன்.

ஏழுமலை குமணன்சாவடிக்கு ஓடினான். அங்கே கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன் ஒருவன் அவனுக்குச் சிநேகிதம். திரும்பி வரும்போது கை நிறைய ஆர்க்கிட். எல்லாம் ஊதா.

“வெள்ள இல்லியாடா?”

“ரிசப்ஷனுக்கெல்லாம் இதான் மாமா கட்றாங்க.”

“அது வெள்ளடா.”

“முத்தினா கலரு மாறும்னு சொல்லு. நீதான் பேசவே மாட்டியே. ஒரு தபா பேசினா நம்பிடுவாங்க.”

சாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு மல்லி கட்டும் நூலை எடுத்தாள். மொட்டைக் காம்பில் ஊதாப் பூக்களை வரிசையாகக் கட்டினாள். ஒரே நூல். முடிச்சு வெளியே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விஜயா அம்மா தனியாகத்தான் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்பே மாடியிலிருந்து ஹாலுக்கு இறக்கியிருந்த செடியைப் பார்த்துவிட்டார்.

“நான் வெள்ளைப் பூவுல்ல குடுத்தேன்?”

ஏழுமலை என் முதுகில் கிள்ளினான்.

“முத்திடுச்சும்மா” என்றேன்.

அவர் கிட்டே போய் ஒரு பூவைத் தொட்டார். அது கையோடு வந்தது. அதன் பின்னால் நூல் வந்தது. நூலோடு அடுத்த பூ, அதற்கடுத்த பூ. கடைசியில் அவர் கையில் முழுச்சரமே தொங்கியது.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. (அன்று ஃபேன் போட்டிருந்தோம். இனி விழ என்ன இருக்கிறது?)

அவர் குனிந்து தொட்டியை முகர்ந்தார். “சாணி போட்டீங்களா அண்ணே?”

“ஆமாம்மா. மண்ணு மாத்தினது, வெயில்ல வச்சது, எல்லாம் நான்தான். பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு. அது மேல தப்பு இல்ல. சகுனம்னு எதுவும் எடுத்துக்காதீங்க.”

அவர் சரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதக் கட்டினது யாரு?”

சாந்தி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

“முடிச்சே தெரியலையே சம்பந்தி!” என்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சுகன்யாவைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லி, அந்த ஊதாச் சரத்தை அவள் தலையில் வைத்தார்.

“கட்டின பூவை வீணாக்கக் கூடாது.”

ஒரே பெண்ணுக்கு ஒரே மாமியார் இரண்டு முறை பூ வைத்தது எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

புறப்படும் முன் செடியைப் பேப்பரில் கவிழ்த்து, அழுகிய வேரையெல்லாம் கிள்ளி எறிந்தார். ஒரு துண்டு பச்சை மிச்சம் இருந்தது. ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் விட்டு வைக்கவில்லை.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் விஜயா அம்மாதான் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

“ஒண்ணும் பண்ண வேணாம் அண்ணே. சும்மா வச்சிருந்தா போதும்.”

“மண்ணுல நட்டுடாத மாமே” என்றான் ஏழுமலை. நர்சுகூடச் சிரித்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

போன வாரம் ஆவடிக்குப் போயிருந்தேன். அதே செடி, அதே ஜன்னல். பேத்தி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

“தாத்தா, கைய பின்னாடி கட்டு.”

கட்டிக்கொண்டேன். நின்ற இடத்திலிருந்தே எண்ணினேன்.

பதினான்கு.