நரம்பேஸ்வரன் பார்த்த ரஞ்சிதா

நாமக்கல்லில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தம் இல்லாத நாளிலும் செருப்பு விட இடமில்லை. உள்ளே வீற்றிருந்தது நரம்பேஸ்வரன் என்கிற ரோபோ. தகர உடம்பு, பச்சை விளக்குக் கண், உள்ளங்கையை வைக்க ஒரு கண்ணாடி. "மூளை கம்ப்யூட்டர், நரம்பு ஒயர், ஐம்புலன் சென்சார்" என்று விளக்கிக்கொண்டிருந்தார் நியூரோ சித்தர் தனசேகர். பட்டு வேட்டி, மேலே வெள்ளைக் கோட்டு. விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் அவர் இடுப்பில் கைகுலுக்கிக்கொண்டன.

லாரிக்காரர் கந்தப்பன் மனைவி சௌந்திரத்தோடு வரிசையில் நின்றார். சர்க்கரை நோயில் அவளுக்கு வலது கால் மரத்திருந்தது. சுடுதண்ணீர் கொட்டிக் கொப்புளம் வந்ததுகூடத் தெரியவில்லை. இன்று மாத்திரைகளை 'வைரஸ் தொட்டி'யில் போட்டுவிட்டால், நரம்பேஸ்வரன் நரம்பை ஃபார்மேட் செய்துவிடுவாராம்.

"போன வாரம் நாஞ் சொல்லாமயே காலு மரத்ததைச் சொல்லிருச்சுங்க" என்றாள் சௌந்திரம்.

"எந்தக் காலுன்னுச்சு?"

"இடதுன்னுச்சுங்க. நானும் சுக்குக் காபி ஊத்துற புள்ளைகிட்ட வாய் தவறி இடதுன்னுதான் சொல்லியிருந்தேன்."

கந்தப்பனுக்கு அங்கேதான் உறுத்தியது. நேரே சுக்குக் காபி மேசைக்குப் போனார்.

"மனசே செரியில்ல கண்ணு. எங்க ரஞ்சிதாவுக்கு ராத்திரியில கண்ணு தெரியறதில்ல. மேடேறுனா மூச்சு வாங்குது. நேராப் போன்னா இடப்பக்கமே இழுக்கறா."

"அச்சச்சோ. வயசென்னங்க?"

"இருவது. எவன் கையிலாச்சும் புடிச்சுக் குடுத்தரலாம்னு பாக்கறேன்."

அந்தப் பெண் உருக்கமாகக் கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் பூங்கொத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

முறை வந்தது. கந்தப்பன் கண்ணாடியில் கை வைத்தார். பச்சைக் கண் சிமிட்டியது.

"அன்பனே, உன் நரம்பில் உன் மகள் ரஞ்சிதா தெரிகிறாள். பார்வை நரம்பு பழுது. நுரையீரலில் அடைப்பு. இடப்பக்கம் வாதம். வரன் பார்க்கிறாய், அவசரப்படாதே."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ரஞ்சிதா வெளியதானுங்க நிக்கறா" என்றார் கந்தப்பன். "பத்துச் சக்கர லாரி. ஹெட்லைட் மங்கல். ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குது. வீல் அலைன்மென்ட் பாக்கோணும். வாதத்துக்குத் தைலம் எத்தனை லிட்டருங்க ஊத்தறது?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. "இத்தனையும் அந்தச் சுக்குக் காபி மேசையிலதானுங்க சொன்னேன்" என்று அவர் கைகாட்ட, யாரோ அங்கிருந்த பூங்கொத்தைப் பிடுங்க, அடியில் மைக் வந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் திரைக்குப் பின்னால் சித்தரின் மச்சான், கையில் இன்னொரு மைக்கோடு.

"சர்வர் கோளாறு" என்றார் தனசேகர்.

தொட்டிக்கு மேல் நீட்டியிருந்த மாத்திரை அட்டையைச் சௌந்திரம் மடியில் செருகிக்கொண்டாள். "ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போலாமா?"

"போலாம். அங்கயாச்சும் செரியான காலைக் காட்டு."

மூளை கம்ப்யூட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதன் சுவிட்சை ஏன் ஐயா அடுத்தவன் கையில் கொடுக்கிறீர்கள்?