அலர்ட் சொல்லாத அத்தையும் இரண்டு கிளாவரும்

டலூத், மினசோட்டா
ஜனவரி 9, புதன்

அன்பும் அறிவும் (இரண்டும் என் வழியில் வந்தவை) நிறைந்த மருமகன் கர்டிஸுக்கு, வெர்லின் மாமா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை ஆர்டிஸும் நலம். நான் சற்றுக் கூடுதல் நலம். உன் நலத்துக்கும் உன் கார் பேட்டரியின் நலத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். வரும் செவ்வாயிலிருந்து உன் அத்தை என்னோடு ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் சீட்டு ஆட மாட்டாளாம். பல் டாக்டர் ஆர்வில் இருக்கிறானே, அவனுக்கு ஜோடியாக ஆடும் தங்கை லவான் குளிருக்குப் பயந்து அரிசோனா போகிறாள். அந்த நாற்காலியில் இவள் உட்காரப் போகிறாளாம். பத்தொன்பது வருஷம் என் ஜோடியாக எதிரே உட்கார்ந்தவள். நீ ஒரு வரி எழுதினால் தடுத்துவிடலாம்.

நேற்று சர்ச்சின் கீழ்க்கூடத்தில் நாற்பது மேசை போட்டிருந்தார்கள் (உன் அத்தை நாலு என்பாள்). ஆர்வில் சீட்டைப் பிரித்தான், மூக்கைச் சொறிந்தான், ஒரு நோட்ரம்ப் என்று கேட்டுத் தொடங்கினான். துருப்பே வேண்டாமாம், அவ்வளவு திமிர். வேறு யாராவது என்றால் பாஸ் என்று ஒதுங்கியிருப்பார்கள், ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன், எதிரே மலையாகக் குவிந்தாலும் பின்வாங்கிப் பழக்கமில்லை. கையில் ஐந்து ஸ்பேட், ஐந்து ஆட்டின், ஒரே டைமன், கிளாவர் இரண்டு, அதுவும் பொடிசு. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தபோது நீ தாளில் எழுதிக் கொடுத்தாயே, எதிராளி ஒரு நோட்ரம்ப் கேட்டால் என்ன செய்வது என்று, அதன்படி இரண்டு கிளாவர் கேட்டேன். கேட்பது கிளாவர், அர்த்தம் ஸ்பேடும் ஆட்டினும். இப்படி வேஷம் போட்டுக் கேட்டால் ஜோடி உடனே “அலர்ட்” சொல்லி எதிராளிகளை உஷார்ப்படுத்த வேண்டும், அதுதானே சட்டம். உன் அத்தை லெமன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லேசாக இருமினேன். பிறகு கொஞ்சம் விவரமாக இருமினேன். அவள் கைப்பையைத் திறந்தாள்.

“தொண்ட கட்டிருச்சா? இந்தாங்க, மிட்டாயப் போட்டுக்குங்க” என்றாள். சொல்லிவிட்டு பாஸ்.

ஆர்வில் கையைத் தூக்கி, தீர்ப்புச் சொல்லும் மிர்னாவைக் கூப்பிட்டான். அவள் ஹாட்டிஷ் என்ற கறியும் உருளைக்கிழங்கும் சுட்ட சாப்பாட்டுத் தட்டோடு வந்து மொத்தத்தையும் கேட்டாள்.

“இருமல்லாம் கேள்வியில சேராது, வெர்லின். இன்னொரு தடவ இருமினா வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

மற்றவர்களும் பாஸ் சொல்ல, கிளாவரே துருப்பாகி ஆட்டம் என் தலையில் விழுந்தது; ஜோடி சீட்டைக் காட்ட வேண்டும் என்ற முறைப்படி உன் அத்தை தன் சீட்டை மேசையில் விரித்தாள். அதில் நாலு ஆட்டின், ராஜாவோடு. கிளாவரோ என்னிடம் இரண்டு, அவளிடம் இரண்டு, மிச்ச ஒன்பதும் எதிராளிகளிடம். எட்டுப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்தேன். வேறொருவன் ஆடியிருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது என்று எல்லாரும் மனதுக்குள் பேசிக்கொண்டார்கள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். “ஸ்பேடும் ஆட்டினும் இருந்தா டைமன் கேக்கணும்னுதான கர்டிஸ் சொன்னான்? கிளாவர் கேட்டா கிளாவர்தான். ஆர்விலாவது கேட்டத வச்சிருப்பாரு.”

மருமகனே, கடைசி வாக்கியம்தான் உறைத்தது. எனவே, மாமா சொன்னதே சரி என்று பெரிய எழுத்தில் எழுதி உடனே அனுப்பு. உனக்கு நல்ல சீட்டும் ஞாபகமுள்ள மனைவியும் அமைய ஆசீர்வதிக்கும்,

வெர்லின் மாமா

பி.கு.: நீ எழுதித் தந்த தாளை உன் அத்தை என் மீன்பிடிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டு டைமன் என்றுதான் இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தில், “ஆர்டிஸ் இதை மறந்துவிடுவாள், நினைவுபடுத்த வேண்டும்.” அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் வாசித்துச் சிரிக்கிறாள். நீ எதுவும் எழுத வேண்டாம். செவ்வாயன்று என்னோடுதான் ஆடுவாளாம். ஆனால் யாராவது ஒரு நோட்ரம்ப் என்று தொடங்கினால் நான் பாஸ் மட்டும்தான் சொல்லலாமாம். இருமவும் கூடாதாம்.