கலங்கரை விளக்கம் வரை ஒரு கீறலும் இல்லை

அரிசி டிரம்மின் மேல் பருப்பு டப்பா, பருப்பு டப்பாவின் மேல் ஆசிக்கின் பழைய பொருளாதாரப் புத்தகம், அதன் மேல் சுவரோடு சாய்த்து நிறுத்திய செல்போன். இத்தனை அடுக்கியும் படத்தில் டிவி சரியாக விழவில்லை. டிவி கண்ணாடியில் தெரிந்த டியூப் லைட்டும், அதற்குக் கீழே முக்காடு நழுவிய மைமூனும்தான் விழுந்திருந்தார்கள்.

மைமூன் லைட்டை அணைத்தாள். போனில் டிவி வெள்ளையாகப் பூத்துப்போய், மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் ஊர்ந்தன. ஜன்னலைச் சாத்தினாள். கோடுகள் தடித்தன. மூன்றாவது தடவை, டிவியில் மலை வளைவில் வண்டி திரும்புகிற நேரம் பார்த்து போன் சரிந்து டிரம்முக்குப் பின்னால் விழுந்தது. அதன் பிறகு பதிவானதெல்லாம் கும்மிருட்டும், "யா அல்லா, போன் எங்கன போச்சு?" என்ற குரலும்தான்.

ராஜபாளையத்தில் மைமூனைத் தெரிந்தவர்கள் யாரும் அவள் கார் ஓட்டுவாள் என்று நம்ப மாட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் சேக் முகைதீன் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தவர். அவர் மவுத்தாகி நான்கு வருடம். மகள் நௌஷீன் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். மகன் ஆசிக் கத்தாரில் வேலைக்குப் போனான். போகும்போது தன் கேம் பெட்டியைக் காட்டி, "சும்மா போட்டா கெட்டுரும்மா, வாரத்துக்கு ஒருக்க ஆன் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல மைமூன் அதை ஆன் பண்ணி வைத்தாள். ஒருநாள் தூசி துடைக்கையில் ரிமோட்டில் விரல் பட்டு, திரையில் நின்ற மஞ்சள் கார் நகர்ந்தது. அவ்வளவுதான். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால், பொழுதடைந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஓட்டினாள். மற்ற வண்டிகள் பந்தயத்தில் பறக்கும். மைமூன் சிக்னலில் நிற்பாள், ஆட்களுக்கு வழி விடுவாள், கடைசியாக வந்து சேருவாள். அந்த வீட்டில் அன்றாடம் அவள் பேசுவது, காலையில் பால்காரரிடம் "வச்சிட்டுப் போங்க" என்பது ஒன்றுதான். மீதிப் பொழுதுக்கு ஃபிரிட்ஜ் சத்தம் போடும்.

போன வெள்ளிக்கிழமை ஆசிக் பேசியபோது சொன்னாள்: "ஏலே, மலைய முழுசாச் சுத்தி கலங்கரை விளக்கம் வரைக்கும் போயிட்டேன். வண்டில ஒரு கீறல் கெடையாது."

ஆசிக் சிரித்தான். "கத விடாதீகம்மா. ஆதாரம் இருக்கா?"

நாலு நிமிடத்தில் போனை வைத்துவிட்டான். எப்போதும் நாலு நிமிடம்தான். ஆதாரம் அனுப்பினால் ஐந்தாவது நிமிடமும் பேசுவான் என்று மைமூனுக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லாமல் செய்து அசத்திவிட வேண்டும் என்றும் தோன்றியது.

போனில் எடுப்பது ஆகவில்லை. மறுநாள் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், டிவியில் ஓடுகிற கேமைப் பதிவு பண்ண ஒரு சாமான் கேட்டாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"கேப்சர் கார்டா? எத்தனை எஃப்.பி.எஸ்.ல வேணும்?"

"வீட்டுக்குத்தான் வேணும்."

"சரிம்மா, ஃபுல் எச்.டி.யா, ஃபோர் கே-யா?"

"நாலெல்லாம் வேண்டாம். நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதல் பெட்டியின் விலைக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்கலாம். இரண்டாவதற்கு மிக்ஸி. மூன்றாவது கட்டைவிரல் பருமனில் இருந்தது. ஒரு சேலை விலைக்குள் முடிந்துவிடும். எது நல்லது என்று கேட்டதற்கு, "விலைக்கேத்த மாதிரிம்மா" என்றார். மைமூன் மூன்றையும் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

அங்கே மடவார் வளாகத்தில் பொன்னுராஜ் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். சேக் முகைதீன் காலத்திலிருந்தே வீட்டு டிவிக்கு அவர்தான் வைத்தியர்.

"கேம் பெட்டிலருந்து டிவிக்குப் போற படத்த நடுவுல மறிச்சு கம்ப்யூட்டர்ல எழுதி வைக்கிற சாமான்க்கா அது" என்றார் பொன்னுராஜ். "ஒங்களுக்கு எதுக்குப் பெரிசு? இந்தக் கட்டைவெரல் சைஸே போதும். எங்கிட்டயே இருக்கு."

"கம்ப்யூட்டர் வேணுமோ?"

"வேணும்லா!"

பிளஸ் டூவில் ஆசிக்குக்குக் கிடைத்த லேப்டாப் பீரோவில், கம்பளிக்கு அடியில் கிடந்தது. மைமூன் அதை ஆன் பண்ணிவிட்டு லுஹர் தொழப் போனாள். தொழுது, சோறு தின்று, தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது அது நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தது.

கேம் பெட்டியின் வயரை டிவியிலிருந்து பிடுங்கி அந்தக் கட்டைவிரல் சாமானில் செருகினாள். டிவி இருண்டது. லேப்டாப்பில் படம் வந்தது. வந்தாலும், அது மைமூனுக்குப் பின்னால் நடந்து வந்தது. இவள் இடப்பக்கம் திருப்பினால், ஒன்று, இரண்டு எண்ணிய பிறகு வண்டி திரும்பும். அதற்குள் ரோடு முடிந்துவிடும். அரைமணி நேரத்தில் இரண்டு விளக்குக் கம்பம், ஒரு பழக்கடை, ஒரு பஸ்ஸின் பின்புறம். கடைசியில் மஞ்சள் கார் பாலத்தைத் தாண்டி கடலுக்குள் போனது. அதுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசாதவள் மைமூன். உடனே பொன்னுராஜைப் போனில் கூப்பிட்டாள்.

"லேப்டாப்பப் பாத்து ஓட்டக் கூடாதுக்கா. படம் பிந்தித்தான் வரும். டிவியப் பாத்து ஓட்டணும்."

"டிவியிலதான் படமே இல்லையே, தம்பி."

"ஆமால்ல... அந்தச் சின்ன சாமான்ல உள்ள போக வழி இருக்கு, வெளிய வர வழி இல்ல. வெல கூடுனதுலதான் ரெண்டும் இருக்கும். சரி, ஒரு ஸ்பிளிட்டர் வாங்கிக்கிடுங்க. ஒரு வயர ரெண்டாப் பிரிச்சுக் குடுக்கும்."

மறுபடியும் பஸ். ஸ்பிளிட்டர் வந்தது, அதற்குக் கரண்ட் கொடுக்க எக்ஸ்டென்ஷன் பெட்டி வந்தது. நடுவீட்டில் வயர்கள் கோலம் போட்டிருந்தன. மைமூன் தாண்டித் தாண்டி நடந்தாள். ஆனாலும் டிவியில் படம் பளிச்சென்று இருந்தது. லேப்டாப்பில் பதிவு ஓடுவதற்கு அடையாளமாகச் சிவப்புப் புள்ளி மினுங்கியது.

அன்றைக்கு மைமூன் ஓட்டியது மாதிரி ஒருநாளும் ஓட்டியதில்லை. மலை வளைவு பதினாலையும் வழுக்காமல் திரும்பினாள். மழை பெய்தது, வைப்பர் போட்டாள். கலங்கரை விளக்கத்தின் அடியில் பூனை மாதிரி கொண்டுபோய் நிறுத்தினாள். உடனே பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

மலை இல்லை. மழை இல்லை. மைமூன்தான் இருந்தாள். ஒன்றரை மணி நேரமும் அவள் முகம். வயரைப் பிடுங்கிச் செருகியதில் லேப்டாப் தன்னுடைய சொந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு உடம்போடு சாய்கிற ஒரு பொம்பிளை. சத்தம் பதிவாகவில்லை. ஆனால் அவள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது.

'யார்ட்ட இம்புட்டுப் பேசுதேன்?' என்று மைமூன் நினைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பொன்னுராஜ் போனில் வழி சொன்னார். "செட்டிங்ஸ்க்குப் போங்க. கீழருந்து மூணாவது. அதுக்குள்ள போய் ரெண்டாவத அமுக்குங்க."

அவர் சொன்னது லேப்டாப்பில். மைமூன் கையில் இருந்தது ரிமோட். அவர் சொன்னபடியே கீழேயிருந்து மூன்றாவதற்குப் போய் இரண்டாவதை அமுக்கினாள். திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மாறி, குச்சி குச்சியாக எதுவோ வந்து நின்றது.

"தம்பி, ஜப்பான்காரன் வந்துட்டான்."

"எங்க வந்துட்டான்?"

"டிவியில. எல்லாம் அவிய எழுத்தா இருக்கு. நான் சரி பண்ணிப் பாக்கட்டா?"

"யக்கா, ஒண்ணத்தையும் தொடாதீக! நானே வாரேன்."

பொன்னுராஜ் மறுநாள் மத்தியானம் வந்தார். வயர்களைத் தாண்டி டிவி முன்னால் உட்கார்ந்து, குத்துமதிப்பாகத் தட்டித் தட்டி எழுத்தை மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தார். அப்படியே செட்டிங்ஸில் இன்னும் உள்ளே போனவர் நின்றுவிட்டார்.

"யக்கா, இதுல ஏற்கனவே ரெக்கார்டு ஆயிருக்கே. நானூத்திச் சொச்சம் வீடியோ கெடக்கு."

"அது எப்பிடி?"

அவர் ரிமோட்டைத் திருப்பி, இடதுபக்கம் இருந்த ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார். "இத அமுக்குனா, அதுக்கு முன்னால ஓட்டுன கொஞ்ச நேரத்தப் பெட்டியே எடுத்து வச்சுக்கிடும். நீங்கதான் அமுக்கியிருக்கீக."

"அதுவா? அது ஹாரன்லா!"

"ஹாரனா?"

"ஆமா. வளைவுக்கு வளைவு அமுக்குவேன். சத்தம்தான் வரவே வராது. ரிப்பேர்னு நெனச்சேன்."

பொன்னுராஜ் அவளையும், கட்டைவிரல் சாமானையும், ஸ்பிளிட்டரையும் பார்த்தார். "அப்ப இது ஒண்ணுமே தேவையில்லையேக்கா..."

"நீங்கதான தம்பி குடுத்தீக?"

"நீங்க கேட்டீக, குடுத்தேன்."

பேச்சை மாற்றுவதற்காக அவர் ஒரு வீடியோவைத் தட்டினார். மஞ்சள் கார் மலையில் ஏறியது. கூடவே குரல் வந்தது. ரிமோட்டுக்குள்ளேயே மைக் இருப்பது மைமூனுக்குத் தெரியாது.

"பெல்ட்டப் போடுங்க. பின்னாடி ஒக்காந்தா போட வேண்டாம்னு யாரு சொன்னா?... ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாங்கன்னு எத்தன வருசம் கேட்டேன். நீ ஓட்டுனா ரோட்டுல போறவன் கதி என்னாகும்னு சிரிச்சீகளே. இப்பப் பாருங்க, ஒருத்தன் மேலயும் இடிக்கல. தூங்கிட்டீகளா? தூங்குங்க, தூங்குங்க. கடல் வந்ததும் எழுப்புதேன்... போ, இந்த ஹாரன் இன்னைக்கும் அடிக்க மாட்டேங்குது."

பொன்னுராஜ் சத்தத்தைக் குறைத்தார். பின்பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். சேக் முகைதீன் கடை மெத்தையில்தான் அவரும் படுக்கிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "ஸ்பிளிட்டர நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்க்கா" என்று சொல்லி, அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மைமூன் இன்னும் நாலைந்து வீடியோவைத் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தக் குரல். ஒன்றில் மருமகனைப் பற்றிக் குறை. ஒன்றில் முட்டுவலி. ஒன்றில் ஆசிக்குக்குப் பிடித்த கறிக்குழம்பை எப்படி வைப்பது என்று முதலிலிருந்து கடைசி வரைக்கும், யாரும் கேட்காமலே.

கலங்கரை விளக்கம் போய்ச் சேர்ந்த வீடியோவும் இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆதாரம் கையில் இருக்கிறது. ஆனால் அதை எப்படி அனுப்புவது? மகன் கேட்டால் என்ன நினைப்பான்? அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வெறும் வீட்டில் தனியாகப் பேசுகிறாள் என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அப்படி அவன் வரக் கூடாது.

பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு மெத்தை உறையைப் போட்டு மூடினாள்.

மறுநாள் அசர் தொழுதுவிட்டுப் பழக்கத்தில் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். செத்த நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து பீரோவை அடுக்கினாள். அதற்கு அடுத்த நாள் அடுக்கிய பீரோவையே மறுபடி அடுக்கினாள். அதுவரைக்கும் ஏதோ வாயில் வந்துகொண்டிருந்த பேச்சும் இப்போது வரவில்லை. தன் குரலைத் தானே கேட்ட பிறகு, பேச வாய் எடுத்தாலே வெட்கமாக இருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆசிக் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் தாண்டி, மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. ஆசிக்கின் நம்பர்தான். குரல் வேறு.

"அம்மா, நான் ஆசிக் ரூம்ல இருக்கேன். எம்பேரு தனுஷ்கோடி. நமக்கு ஊரு மம்சாபுரம்தான்."

"ஆசிக்குக்கு என்னாச்சுப்பா?"

"அவனுக்கு ஒண்ணுமில்லம்மா, இங்கனதான் இருக்கான். நீயே கேளுலேன்னா, நீங்க வெக்கப்பட்டு நிறுத்திருவீகன்னு பயப்படுதான். அதான் போனப் புடுங்கிட்டேன்."

"என்னத்தக் கேக்கணும்?"

அந்தப் பக்கம் தட்டுகள் உரசுகிற சத்தம் கேட்டது. யாரோ "கேளுண்ணே, சோறு ஆறுது" என்றார்கள். தனுஷ்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க ஹாரன் அமுக்கும்போதெல்லாம் நெட்டு வழியா ஆசிக் போனுக்கு வீடியோ வந்துரும்மா, நாலு மாசமா அதப் போட்டுக் கேட்டுக்கிட்டேதான் நாங்க பதினோரு பேரும் சாப்புடுதோம், மூணு நாளா ஏம்மா வண்டியே எடுக்கல?"