நான்கு நொடி பற்றி ஷார்ஜாவுக்கு

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.

அன்புள்ள தம்பி எழிலரசனுக்கு அக்கா அமுதவல்லி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பா இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது; அவரைத் தவிர மற்றவர்கள் நலம். நீ என் போனை எடுப்பதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். பத்து நாள் ஆகும், ஆனால் முழுதாக வந்து சேரும்.

"பிஎச்டி படிச்சு என்னத்துக்கு, அப்பா மூஞ்சிய ஒரு தடவ ஒழுங்காக் காட்டத் துப்பில்ல ஒனக்கு" என்று சொல்லிவிட்டு அப்பாவை எடுத்த அன்றைக்குப் போனை வைத்தவன்தான். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அந்த வீடியோ கால் ஒன்றுதான் வழி, அதுவும் போயிற்று. கோபம் நியாயம். பொறியியல் கல்லூரியில் இருபத்து மூன்று வருடமாக நான் நடத்துகிற பாடமே போனில் படம் போய்ச் சேரும் விதம்தான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

படம் துண்டு துண்டாகத்தான் வரும். வழியில் சில துண்டுகள் கெடும். கெட்டதைச் சரிசெய்யக் கூடவே கொஞ்சம் உபரித் தகவலும் வரும். ஆனால் ஒரு கட்டு முழுக்க வந்து சேர்ந்த பிறகுதான் போன் திருத்தத் தொடங்கும். சீட்டு நிறையாமல் வண்டியை எடுக்காத ஷேர் ஆட்டோக்காரர் மாதிரி. நாலு பேர் ஏறியதும் கிளம்பு, மிச்சத்தை வழியில் ஏற்றிக்கொள் என்பதுதான் என் ஆய்வு. தாமதத்தைக் குறைப்பது பற்றிய என் கட்டுரை, ஆய்விதழிலிருந்து திருத்தம் கேட்டுத் திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

அன்று நமக்கு வாய்த்தது நான்கு நொடித் தாமதம். பாடையை வாசலில் வைத்திருந்தார்கள், நான் போனைத் தூக்கிப் பிடிப்பதற்குள் மூக்காயி அத்தை நடுவில் புகுந்து "ஏப்பா எழிலு, சாப்புட்டியாப்பா?" என்றது, அதே மூச்சில் திருப்பதி சித்தப்பா "எல்லாரும் மொகம் பாத்தாச்சா, தூக்கலாமா?" என்று சத்தம் போட, அத்தைக்கு நீ சொன்ன பதில் அப்போதுதான் வந்து இறங்கியது: "இன்னும் இல்ல." உடனே சித்தப்பா, "மகன் இன்னும் பாக்கலயாம், நிப்பாட்டுங்கடா!" என்றார், மேளம் நின்றது, கூட்டம் ஒதுங்கி என் போனுக்கு வழி விட்டது, பாடை கட்டிய பெரியகருப்பன் மட்டும் "தம்பி பாத்துட்டாராம்மா? வெயில் ஏறுதும்மா" என்று மூன்று தடவை கேட்டார், தூரத்தில் பாடையைக் கண்டு நீ "அப்பா" என்று கதறியது வந்தபோது திரையில் இருந்தது சித்தப்பாவின் வேட்டி. "ஏத்தா அமுதா, இவன் ஏன் என்னயப் பாத்து அழுகுறான்?" என்று அவர் மிரண்டுபோய்க் கேட்டார். நான் அப்பா பக்கம் திருப்பினேன். படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. முகத்தை மூடித் தூக்கிவிட்டார்கள். மறுபடி உனக்குப் படம் தெரிந்தபோது வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தம்பி, கெட்ட துண்டுகள் அதிகம், திருத்தும் கட்டு பெரிது. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. வேண்டுமானால் படம் வரைந்து விளக்குகிறேன்.

அங்கே உன் மனைவி சுகுணாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு. வருஷத் திவசத்துக்காவது வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அக்கா
அமுதவல்லி

பி.கு.: மேலே எழுதியது பாடத்தில் சரி. அன்று நடந்தது அதுவல்ல. அப்பா பக்கம் திருப்பும்போது டேட்டாவை அணைத்தது நான். ஆஸ்பத்திரியில் கடைசி பத்து நாள் குழாய் போட்டதில் அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. துணி கட்டியும் மூடவில்லை. நீ அதைப் பார்க்க வேண்டாம் என்று நானாக முடிவு செய்தேன், உன்னைக் கேட்கவில்லை. முகத்தை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்றால் கேள், அனுப்புகிறேன். திறக்கும்போது சுகுணாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்.